இரண்டடிப் பந்தும் நார்வல் கெடஸும்

நார்வல் கெடஸ் கோல்ஃப் அடிப்பதை முதல்முறை பார்க்கிறவர்கள், அவருடைய காற்சட்டைக்குள் குளவி புகுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். முட்டி மடங்கும். வலது தோள் காதைத் தொடும். நாக்கு வெளியே வரும். மட்டை தலைக்கு மேலே போய், வந்த வேலை மறந்துபோன மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு சடாரென்று கீழே இறங்கும். பந்து போனால் போகும். இல்லையென்றால் தட்டு அகலத்துக்கு ஒரு புல்கட்டி மட்டும் பறந்துபோய் முன்னால் விழும்.

"நார்வல் அடிச்சா பந்துக்கு வலிக்கவே வலிக்காது," என்பார் ஹெக்டர் இம்லா. "புல்லைத்தான் ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"சேக்கணும், சேக்கணும்," என்பார் லூயி பர்னெட்.

ஹெக்டருக்குக் குழாய் வேலை. ஜனவரியில் வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன் நின்றுபோனால் எங்கள் கடலோர ஊரான ஸ்கார்னெஸில் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவருடைய ஜோக்குக்கு ஊர் முழுக்க வருஷம் முழுக்கச் சிரிக்கும். கசாப்புக்கடை லூயிக்குச் சொந்தமாக வாக்கியம் எதுவும் கிடையாது. ஹெக்டர் பேசி முடித்ததும் கடைசி வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு இரண்டு தடவை திருப்பிச் சொல்வார். மூன்றாவது ஆள் மர்டோ ரென்னி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் பேச்சே "ம்"தான். நல்ல அடிக்கு ஒரு "ம்", மழைக்கு ஒரு "ம்", நார்வலின் ஆட்டத்துக்கு மூக்கு வழியாக ஒரு "ம்".

நான்காவது ஆள் நார்வல். செவ்வாய் முதல் வெள்ளி வரை மீன் வண்டி ஓட்டுவார். விடியற்காலையில் துறைமுகத்தில் ஹாடக் மீனை ஏற்றிக்கொண்டு, உள்ளே இருக்கிற பண்ணைக் கிராமங்களில் ஹார்ன் அடித்துக்கொண்டே போவார். எடை போடுவார், தோல் உரிப்பார், வீடு திரும்புவார். மனைவி எல்ஸ்பெத் வாசலிலேயே அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்வாள். இந்த வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது சனிக்கிழமை காலை எட்டு பத்து. அந்த நேரத்துக்கு முதல் குழியில் இருந்து கிளம்புகிற நான்கு பேரில் அவர் இருபத்தாறு வருஷமாக ஒருவர். நான்கு மணி நேரம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கிண்டல் பண்ணுவார்கள், பிறகு கிளப்பில் பருப்பு சூப் முன்னால் உட்காரவைத்து மறுபடியும் கிண்டல் பண்ணுவார்கள். மனிதர் பூரித்துப்போவார்.

எங்கள் ஊரில் ஆடுவது குழிக்குக் குழி ஜெயிக்கிற ஆட்டம். எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தால் அதை அவன் தள்ளிக் காட்ட வேண்டியதில்லை, "எடுத்துக்கோ" என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் போட்ட மாதிரி. இரண்டடிக்குள் இருந்தால் ஸ்கார்னெஸில் எல்லாரும் சொல்வார்கள். சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நார்வலுக்கு மட்டும் ஐந்தடியில் இருந்தாலும் "எடுத்துக்கோ"தான். ஏனென்றால் அவர் அந்தக் குழியை எப்போதோ தோற்றிருப்பார், சூப் வேறு ஆறிக்கொண்டிருக்கும்.

போன ஏப்ரலில் ஊருக்குப் புதுப் பல் டாக்டர் வந்தார். எடின்பரோக்காரர், நாற்பது வயது, பந்தை அடித்தால் கடல் காற்றையே கிழித்துக்கொண்டு போகும். அந்த வாரம் சூப் மேஜையில் ஹெக்டர் கரண்டியை வைத்தார்.

"பல் டாக்டரை நம்ம கூட ஆட வரச் சொல்லிட்டேன். அஞ்சு பேரா கிளம்ப விடமாட்டாங்க. ஒருத்தர் எறங்கணும்."

"எறங்கணும், எறங்கணும்."

"நான் எறங்க முடியாது, அந்த எட்டு பத்தே என் பேர்லதான் பதிஞ்சிருக்கு. லூயி எறங்கினா எனக்கு எதிரொலி இல்லாம போயிடும். அதனால மர்டோ, நார்வல், நீங்க ரெண்டு பேரும் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை ஆடுங்க. பதினெட்டு குழி. சலுகை அடி எதுவும் கிடையாது. ஜெயிக்கிறவன் இருப்பான்."

மர்டோ திரும்பி நார்வலைப் பார்த்தார். மூக்கு வழியாக ஒரு "ம்" வந்தது. "இவன் கூடவா? இப்பவே டாக்டரை வந்து நிக்கச் சொல்லு."

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். நார்வலும்தான் சிரித்தார். இருபத்தாறு வருஷத்தில் மர்டோவை அவர் ஒரே ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

எட்டு பத்தில் இருந்து இறங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். அப்போது யார் வருகிறார்களோ அவர்களோடு ஆட வேண்டும்: வழி தவறி வந்த சுற்றுலாக்காரர்கள், காது கேட்காத பழைய பாதிரியார், மட்டையை வாடகைக்கு எடுத்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் நார்வலின் பெயர் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை நார்வல் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற ஊருக்குப் போனார். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதே. அங்கே பயிற்சி மைதானத்தில் பாடம் சொல்லித்தருகிறவள் மோரக் என்ற பெண். முப்பது வயது இருக்கும். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவது போல ஒரு குரல், முகத்தில் எதுவும் தெரியாது. பத்து பந்து அடிக்கச் சொன்னாள். அடித்தார்.

"முதுகு வலி எதாவது இருக்கா?" என்றாள்.

"இல்லையே."

"வரும்."

பிடியை மாற்றினாள். காலை மாற்றினாள். நாக்கை உள்ளே வைக்கச் சொன்னாள். "இனிமே டிரைவரை வீட்ல விட்டுட்டு வாங்க."

"டிரைவரை வீட்ல விட்டா வண்டிய யாரும்மா ஓட்டுறது?"

அவள் சிரிக்கவில்லை. டிரைவர் என்கிற அந்தப் பெரிய மட்டையை அவருடைய பையில் இருந்து உருவிச் சுவரில் சாய்த்தாள். "இதை வெச்சுக்கிட்டு நூறு அடில அஞ்சுதான் நேராப் போகும். அஞ்சாம் நம்பர் இரும்பு மட்டையில எழுபது போகும். எது உங்களுக்கு வேணும்? தூரமாப் போகணுமா, நேராப் போகணுமா?"

"நேராத்தான்."

"ஓடை இருக்கா உங்க மைதானத்துல?"

"ஏழாவது குழில. நாங்க எல்லாரும் தாண்டித்தான் அடிப்போம்."

"நீங்க தாண்டுவீங்களா?"

"இதுவரைக்கும் தாண்டல."

"அப்போ ஓடைக்கு முன்னாடி நிறுத்துங்க. அடுத்த அடியில தாண்டுங்க. முடியாததை முயற்சி பண்ணாம இருந்தாலே பத்து அடி மிச்சம்." பிறகு பந்தைக் குழியில் இருந்து இரண்டடியில் வைத்தாள். "போடுங்க."

நார்வல் தள்ளினார். வெளியே. மறுபடியும் வெளியே. நான்காவது தடவை குழியின் உதட்டில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"கடைசியா எப்போ ரெண்டடிப் பந்தைக் குழில போட்டீங்க?"

நார்வல் யோசித்தார். உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. "நம்ம ஆளுங்க எடுத்துக்கோன்னு சொல்லிடுவாங்கம்மா."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

மோரக் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ இருபத்தாறு வருஷமா நீங்க ஒரு குழியைக்கூட முடிச்சதில்ல."

அது அவரை எங்கேயோ குத்தியது.  அன்றைக்கு ஆரம்பித்தார். மீன் வண்டியில் ஹாடக்கோடு ஒரு பழைய கம்பளத் துண்டும் ஏறிக்கொண்டது. எந்தக் கிராமத்தில் நின்றாலும் கம்பளத்தை ரோட்டில் விரித்து, டீக் கோப்பையைப் படுக்கவைத்து, இரண்டடியில் இருந்து தள்ளுவார். ஒரு நாளைக்கு இருநூறு. பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையாக நிற்பார்கள்.

"நார்வல், ரெண்டு ஹாடக். அடுப்புல வெண்ணெய் கருகுது."

"இரு, நூத்து எழுபத்தி மூணு."

"என் வீட்டுக்காரர் பசியில என்னைக் கடிக்க வர்றாரு நார்வல்!"

"நூத்து எழுபத்தி நாலு. இப்ப சொல்லு, தோலோடவா, தோல் இல்லாமலா?"

வீட்டில் எல்ஸ்பெத்துக்கு வாய் ஓயவில்லை. "முப்பது வருஷத்துல எனக்காக ஒரு தடவை கம்பளம் விரிச்சிருக்கியா நீ?" என்பாள். அவர் காதில் விழாது. கூடத்தில் டக், டக் என்று கோப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜூன் மாதத்தில் அது பழகிப்போய், சத்தம் நின்றால் அவளுக்குத் திக்கென்றது.

ஜூலைக்குள் சனிக்கிழமைகளில் ஏதோ மாறியது. நார்வலின் பந்து கொஞ்ச தூரமே போனாலும் நேராகப் போனது. ஓடைக்கு முன்னால் நின்றது. ஹெக்டர் வாயைத் திறப்பார், சொல்ல ஒன்றும் இருக்காது, மூடிக்கொள்வார். லூயி பாவம், திருப்பிச் சொல்ல வார்த்தை இல்லாமல் அலைந்தார்.

அதே ஜூலையில்தான் நார்வல் இன்னொன்றையும் கவனித்தார். சூப் மேஜையில் மர்டோ கரண்டியைத் தூக்கினால் வாய்க்குப் போவதற்குள் பாதி கொட்டியது. மர்டோ இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "குளிரு," என்றார். ஜூலை மாதம் அது. ஹெக்டர் கவனிக்கவில்லை. லூயி ஹெக்டரைத்தான் கவனிப்பார்.

அன்று வீட்டில் நார்வல் எல்ஸ்பெத்திடம் சொன்னார். "மர்டோவுக்குக் கை நடுங்குது."

"ஐயோ. டாக்டரைப் பாத்தாரா?"

"பெரிய அடியெல்லாம் நல்லாத்தான் அடிக்கிறான். தோள்ல பலம் இருக்கு. ஆனா ரெண்டடில அவனால தள்ள முடியாது."

"அவரை யாரு தள்ளச் சொல்றா? எல்லாரும்தான் எடுத்துக்கோன்னு சொல்லிடுறீங்களே."

"அதான்," என்றார் நார்வல்.

எல்ஸ்பெத் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நம்ம கல்யாணத்துக்கு அவரு கோட்டைத்தான் நீ போட்டுக்கிட்டு வந்த. ஞாபகம் இருக்கா?"

"கோட்டு பெருசா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு நார்வல் கம்பளத்தை விரித்தார்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. மேற்கே இருந்து காற்று. ஹெக்டரும் லூயியும் கூடவே நடந்தார்கள். பல் டாக்டரும் வந்திருந்தார். தனக்காகக் காலியாகப்போகிற இடத்தைப் பார்க்க வந்தவர், ஹோட்டலில் அடுத்தவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று மேஜை ஓரம் நிற்கிறவரைப் போலக் கொஞ்சம் நெளிந்துகொண்டு நின்றார்.

முதல் குழியில் மர்டோ இரண்டு நல்ல அடி அடித்தார். மூன்றாவது அடியில் பந்து இரண்டடியில் வந்து படுத்தது. அவர் மட்டையைக் கையிடுக்கில் செருகிக்கொண்டு பந்தை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் பாதியில் நின்றார். நார்வலிடமிருந்து "எடுத்துக்கோ" வரவில்லை.

நிமிர்ந்து நார்வலைப் பார்த்தார். நார்வல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா?" என்றார் மர்டோ.

"ஒண்ணுமில்ல. உன் ஆட்டம்தான்."

"இதையுமா?"

"நல்ல பந்து. போடு."

ஹெக்டர் விசிலடித்தார். "அடேங்கப்பா, மீன்காரன் கத்தியை எடுத்துட்டான்!"

மர்டோ மட்டையைக் கீழே வைத்தார். கையில் ஆரம்பித்த நடுக்கம் மட்டையின் நுனியில் போய்த் தட்டியது. பந்து நகர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது பக்கமாக ஓடிப்போனது. லூயிதான் சத்தமாகச் சிரித்தார். ஹெக்டர் சிரிப்பதற்கு முன்னால் லூயி சிரித்தது அதுவே முதல்முறை. பல் டாக்டர் கீழே குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

நான்காவது குழிவரை மர்டோ பழக்க தோஷத்தில் நார்வலுக்கு "எடுத்துக்கோ" சொல்லிக்கொண்டிருந்தார். பதிலுக்கு ஒரு தடவையும் வரவில்லை. ஐந்தாவதில் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. நார்வலின் பந்து ஒன்றரை அடியில் கிடந்தது.

"நீயும் தள்ளுடா. பாக்கலாம்."

அந்த வார்த்தைக்காகத்தான் நார்வல் ஏப்ரலில் இருந்து காத்திருந்தார். டக். உள்ளே. ஆறாவதில் மூன்றடி. டக். எட்டாவதில், ஒன்பதாவதில், பன்னிரண்டாவதில். டக், டக், டக். பந்து போகிற திசையைக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். மோரக் பார்த்திருந்தால் அவளுக்கே கொட்டாவி நின்றிருக்கும்.

மர்டோ சும்மா விடவில்லை. ஏழாவதில் ஓடையை ஒரே அடியில் தாண்டினார், அறுபத்தொரு வயதில். நார்வல் ஓடைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டாவது அடியில் தாண்டி, அந்தக் குழியைச் சிரித்துக்கொண்டே தோற்றார். நீளமான அடியெல்லாம் மர்டோவுடையது. அவருடைய பந்து குழிக்குள் நேராக விழுந்தாலோ, எதிராளி சொதப்பினாலோ அவர் ஜெயித்தார். இரண்டடி மிச்சமிருந்தால் தோற்றார். பதினேழு குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம்.

பதினெட்டாவது குழி கிளப்பின் ஜன்னலுக்கு நேர் எதிரே. சனிக்கிழமை மத்தியானம், உள்ளே கூட்டம், எல்லார் கையிலும் கிண்ணம். நார்வல் ஐந்தாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு முடித்தார். மர்டோவின் நான்காவது அடி குழியைத் தாண்டி ஒன்றரை அடியில் நின்றது. அதைப் போட்டால் சமம், கூடுதல் குழி ஆடலாம். போடாவிட்டால் இருபத்தாறு வருஷம் முடிந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. லூயிகூடச் சிரிக்கவில்லை. ஹெக்டர் தொண்டையைச் செருமினார். "நார்வல், ஒண்ணரை அடிதான்டா. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."

நார்வல் கொடிக்கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மர்டோ பந்துக்கு மேலே குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். பிறகு மட்டையை ஊன்றிக்கொண்டு நார்வலுக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் காற்று கிளப் வாசலில் நின்ற எங்கள் பக்கம் வீசியது.

"கை வரமாட்டேங்குதுடா நார்வல்."

அவர் தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மனைவியை அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூடப் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற முன்கயிற்றை ஒற்றை ஆளாகப் பிடித்தார்.

"அவசரமில்ல மர்டோ," என்றார் நார்வல். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "நிதானமா போடு. நான் நிக்கிறேன்."

பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, பாதி சுற்றி, வெளியே வந்தது.

தொப்பியைக் கழற்றிக் கை குலுக்கினார்கள். அதுதான் முறை. மர்டோவின் கை தன் கைக்குள் உயிரோடு இருக்கிற ஹாடக் மாதிரி துள்ளியது என்று நார்வல் பின்னால் எல்ஸ்பெத்திடம் சொல்லியிருக்கிறார். அவள் அன்று ராத்திரி மீன் சமைக்கவில்லை. முட்டை பொரித்தாள்.

சூப் மேஜையில் நார்வலுக்கு ஹெக்டர் விஸ்கி வாங்கிக்கொடுத்தார். "உன்கிட்ட இது இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல," என்றார். லூயி வாயைத் திறந்தார், இதில் எந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்வது என்று புரியாமல் மூடினார். மர்டோ சூப்பைத் தொடவில்லை. எழுந்துபோகும்போது தன் அலமாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எட்டு பத்துக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த அலமாரி. பல் டாக்டர் அதை எடுக்கலாமா என்று ஹெக்டரைப் பார்த்தார். ஹெக்டர் தலையசைத்தார்.

இப்போது நார்வல் எட்டு பத்தில்தான் இருக்கிறார். ஹெக்டரும் டாக்டரும் ஒரு பக்கம், லூயியும் நார்வலும் ஒரு பக்கம். நார்வலின் ஆட்டம் நன்றாக இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. அவரைப் பற்றி ஜோக்கே கிடையாது. குழியில் இருந்து அரை அடியில் பந்து கிடந்தாலும் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் குனிந்து தள்ளுகிறார். உள்ளே போகிறது. அடுத்த குழிக்கு மற்ற மூன்று பேரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

நார்வல் இதைக் கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். "எனக்கு இப்ப ஒருத்தனும் எடுத்துக்கோன்னு சொல்றதில்ல தெரியுமா? ஆறு அங்குலம்னாலும் போட்டுக் காட்டணும். நல்ல ஆட்டக்காரன்கிட்ட அப்படித்தான் ஆடுவாங்க."

"ஆமா நார்வல்," என்கிறார்கள் பெண்கள், தட்டை நீட்டிக்கொண்டே.

போன சனிக்கிழமை நான்காவது குழியில் இருந்தார்கள். அங்கே கடலோரப் பாதை புல்தரையை ஒட்டிப் போகிறது. மர்டோ வந்துகொண்டிருந்தார். நாய் வாங்கியிருக்கிறார், பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டு நாய், கயிறு அவர் கையில் ஆடுவதால் அதன் கழுத்தும் ஆடிக்கொண்டே வந்தது.

"மர்டோ! நாய்க்கு என்னப்பா பேரு?" என்று ஹெக்டர் கத்தினார்.

"இன்னும் வைக்கல," என்றார் மர்டோ.

"லூயின்னு வை. சொன்னதைக் கேக்கும்."

"கேக்கும், கேக்கும்," என்றார் லூயி. மர்டோகூடச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நான்கு பேரும் பாதை ஓரத்தில் நின்று, அந்த நாயைத் தட்டிக்கொடுத்து, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நார்வல் தன் பந்துக்கு மேலே குனிந்திருந்தார். இரண்டடி. தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மர்டோ, கொஞ்சம் நகந்து நில்லு. நிழல் விழுது."

மர்டோ நாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். டக்.